டியெங் மேட்டில் நிலம் பார்க்கப் போகிறவர்களுக்கு

ஜனவரி மழையில் இந்தோனேசியாவின் ஜாவாத் தீவிலுள்ள டியெங் சரிவுகளில் இறங்கும் ஓடைகளைப் பார்த்தால், தண்ணீர் பால் கலந்த தேநீர் நிறத்தில் ஓடும். அந்த நிறம் உருளைக்கிழங்குத் தோட்டங்களின் மேல்மண்ணால் வருவது. அந்த மண் செராயு ஆற்றோடு இறங்கிப்போய், 1980-களின் கடைசியில் மின்சாரத்துக்காகக் கட்டிய ம்ரிச்சா நீர்த்தேக்கத்தின் அடியில் படிந்துகொண்டிருக்கிறது. இங்கே நிலம் விலை பேசுகிறவர்கள் சாலையைப் பார்க்கிறார்கள், காட்சியைப் பார்க்கிறார்கள், கொஞ்சம் கவனமானவர்கள் பத்திரத்தையும் பார்க்கிறார்கள். மண் இன்னும் எத்தனை சாண் மிச்சமிருக்கிறது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. என் கணக்கில் முதலில் மண், பிறகு தாள், அதற்குப் பிறகு அண்டை வீட்டார். விலைப் பேச்சு அதற்கெல்லாம் பிறகுதான்.

டியெங் என்பது ஒரே ஊர் இல்லை. மத்திய ஜாவாவில் வொனோசோபோ மாவட்டமும் பஞ்சார்நெகாரா மாவட்டமும் சந்திக்கும் இடத்தில், சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் எரிமலை மேட்டுநிலம் அது. டியெங் வேத்தான் வொனோசோபோவைச் சேர்ந்தது, டியெங் கூலோன் பஞ்சார்நெகாராவைச் சேர்ந்தது. இரண்டும் ஒட்டி ஒட்டித்தான் இருக்கின்றன. ஆனால் நிலப் பதிவு, வரி, கட்டட அனுமதி எல்லாம் வேறு வேறு அலுவலகம். வொனோசோபோ நகரம் 26 கிலோமீட்டர்தான், பஞ்சார்நெகாரா நகரம் வெகு தொலைவு. ஒரு கையெழுத்துக்கு ஒரு நாள் முழுதும் போய்விடும் என்பதால், "இந்த நிலம் எந்த மாவட்டம்?" என்பதுதான் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

மக்கள் வாழ்வது டூசுன் என்ற குக்கிராமங்களில். பல டூசுன்கள் சேர்ந்தது ஒரு டேசா. வீடுகள் தோளோடு தோள் உரச நெருக்கமாக இருக்கும், தோட்டங்கள் ஊருக்கு வெளியே சரிவில் ஏறும். பழைய வீடுகள் மரத்தால் ஆனவை, கூரை தாழ்வான தகரம். குளிரில் குடும்பம் முழுதும் கூடும் இடம் பாவொன் என்கிற சமையலறை. விருந்தாளியைக்கூட அடுப்பங்கரைக்கு அழைத்து, சிறு முக்காலி போட்டு, நெருப்பைப் பார்த்து உட்காரவைப்பது மரியாதை. வீடு வாங்குகிறவர் இடித்துக் கட்டுவதாக இருந்தாலும் அந்த அடுப்பங்கரைக்கு ஒரு இடம் விட்டுக் கட்டினால், ஊரார் வீட்டுக்குள் வந்து போவார்கள். வரவேற்பறை சோபாவில் யாரும் அதிக நேரம் உட்காருவதில்லை.

பிழைப்பு உருளைக்கிழங்கில். இடையிடையே முட்டைக்கோஸ், கேரட், வெங்காயத்தாள். வரப்போரங்களில் காரிகா என்ற மலைப் பப்பாளி, அதைச் சர்க்கரைப் பாகில் போட்டு விற்கிறார்கள். உருளைக்கிழங்கில் பெரும்பாலும் கிரானோலா ரகம். ஒரு ஹெக்டேருக்கு விதைக்கிழங்கு 1.5 டன், கோழி எரு 20 முதல் 30 டன். நட்டு 100 முதல் 120 நாளில் அறுவடை. நன்றாக வந்தால் 15 முதல் 20 டன். ஆனால் ஒரு ஹெக்டேர் கையில் வைத்திருப்பவர் இங்கே பெரிய விவசாயி. அரை ஹெக்டேருக்கும் கீழே வைத்திருப்பவரை அரசுக் கணக்கெடுப்பே 'பெத்தானி குரெம்' என்று தனியாக வகைப்படுத்துகிறது. ஜாவாவின் விவசாயிகளில் பெரும்பாலோர் அந்த வகை. அதனால் அரை ஹெக்டேரை வைத்துக் கணக்குப் போடுங்கள்: முக்கால் டன் விதை, 10 முதல் 15 டன் எரு, நல்ல போகத்தில் 8 முதல் 10 டன் கிழங்கு.

கெட்டுப்போகும் வழிகள் மூன்று. மழைக்காலத்தில் பின்கருகல் நோய் வரும். கிரானோலா அதற்கு எளிதில் இரையாகும் ரகம். இலை ஓரத்தில் நனைந்த கரும்புள்ளி தெரிந்த அன்றே மருந்தடிக்காவிட்டால் நான்கைந்து நாளில் தோட்டம் வெந்த கீரை போலத் தொங்கும். அதனால் வாரம் இரண்டு மூன்று தடவை தெளிக்கிறார்கள், லாபத்தில் பெரும்பங்கு மருந்துக்கடைக்குப் போகிறது. கோடையில், குறிப்பாக ஜூலை, ஆகஸ்டில், வானம் துப்புரவாக இருக்கும் இரவுகளில் 'எம்பூன் ஊப்பாஸ்' விழும். பெயரின் பொருளே நஞ்சுப் பனி. விடியற்காலையில் மூடாக்குப் பிளாஸ்டிக்கின் மேல் உப்புத் தூவியது போல வெள்ளை படிந்திருக்கும். வெயில் ஏறி ஒன்பது மணியானால் இலைகள் கருத்துச் சுருண்டுவிடும். பனி குளிர்ந்த காற்றோடு சேர்ந்து தாழ்ந்த இடத்தில்தான் தேங்கும். ஆகவே இங்குள்ள பழைய இந்துக் கோயிலான அர்ஜுனன் கோயிலைச் சுற்றியுள்ள சமவெளி போன்ற பள்ள நிலத்தில் கோடைப் போகம் எப்போதும் சூதாட்டம். அதே ஊரில் சரிவில் இருக்கும் தோட்டம் பெரும்பாலும் தப்பிக்கும்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத நூற்புழு. நீலகிரியில் 1961-ல் கண்டறியப்பட்ட பொன்னிற முட்டைக்கூட்டு நூற்புழு, இந்தோனேசியாவில் 2003-ல் கிழக்கு ஜாவாவின் பூமியாஜியில் கண்டறியப்பட்டு, பிறகு டியெங்கிலும் தென்பட்டது. உதகைப் பக்கம் உருளை போட்டவர்களுக்கு இதன் குணம் தெரியும். செடியைப் பிடுங்கி வேரை உதறினால், குண்டூசித் தலையைவிடச் சின்னதாக மஞ்சள் மணிகள் ஒட்டியிருக்கும். அந்தக் கூடுகள் மண்ணில் பல ஆண்டு உயிரோடு கிடக்கும். விலை பேசும் நிலத்தில் உருளை பூக்கும் பருவத்தில் நான்கு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு செடி பிடுங்கிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். விற்கிறவர் தயங்கினால் அதுவே ஒரு பதில்.

இனி மண். இங்கே பார்களை, அதாவது கிழங்கு நடும் நீள மண்மேடுகளை, சரிவுக்குக் குறுக்கே பிடிக்காமல், மேலிருந்து கீழாக நேராகப் பிடிக்கிறார்கள். குறுக்கே பிடித்தால் தண்ணீர் தேங்கிக் கிழங்கு அழுகும், நோய் கூடும் என்பது அவர்கள் பயம். பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு சாலும் ஒரு சிறு ஓடையாகி மேல்மண்ணை இழுத்துப் போகிறது. நிலத்தின் மேல் கோடியில் ஒரு மண்வெட்டி ஆழம் தோண்டிப் பாருங்கள், கீழ்க் கோடியிலும் தோண்டிப் பாருங்கள். நல்ல டியெங் மண் கருமையாக, விரலில் பிசைந்தால் காப்பித்தூள் போல உதிரும். மேல் கோடியில் முழம் இறங்குவதற்குள் மஞ்சளோ வெளிர்சிவப்போ களிமண்ணாக வந்துவிட்டால், அந்த நிலம் தன் சொத்தைக் கீழே அனுப்பி முடித்துவிட்டது. அதற்குப் பிறகு அங்கே விளைவது எருவின் விளைச்சல்தான், மண்ணின் விளைச்சல் இல்லை. குறுக்கே பார் பிடித்து, ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஓரமாக ஒரு வடிகால் விட்டு, அது முடியும் இடத்தில் மண் தங்கும் குழி வெட்டினால் இரண்டு பயத்துக்கும் வழி பிறக்கும். குழியில் சேர்ந்த மண்ணை அறுவடை முடிந்ததும் கூடையில் மேலே ஏற்ற வேண்டும். வேலைதான். ஆனாலும் இதைச் செய்கிறவரின் நிலத்தை வாங்க மற்றவருக்குக் கொடுப்பதைவிடக் கூடுதலாகக் கொடுக்கலாம், தப்பில்லை.

தண்ணீரும் சொத்துக் கணக்கில் சேர வேண்டியது. குடிநீர் மலைச் சுனைகளிலிருந்து பிளாஸ்டிக் குழாயில் வருகிறது. சுனையிலிருந்து ஊருக்குப் பல கிலோமீட்டர்கூட இருக்கும். பாசனத்துக்குக் கோடையில் ஏரிகளிலிருந்து டீசல் பம்ப் வைத்து இறைக்கிறார்கள். ஏரிக்கரையில் கத்தை கத்தையாகக் கிடக்கும் குழாய்கள் ஒவ்வொன்றும் ஒருவருடையது. சுனையில் பங்கு நிலத்தோடு வருகிறதா, குடும்பத்தோடு போகிறதா என்று கேளுங்கள். எந்தப் பத்திரத்திலும் அது எழுதியிருக்காது. டூசுன் தலைவரும் குழாயைப் பராமரிக்கும் குழுவும் சேர்ந்து சொல்வதுதான் சாசனம். கோடையில் எத்தனை நாளுக்கு ஒரு முறை முறைத்தண்ணீர் என்பதையும் விசாரியுங்கள்.

ஆபத்தைப் பற்றிப் பேசாமல் இங்கே வீட்டு மனை பற்றிப் பேசக் கூடாது. 1979 பிப்ரவரி 20 அதிகாலை, பாத்தூர் பகுதியில் சினிலா என்ற எரிமலை வாய் பொங்கியபோது, தப்பி ஓடிய மக்கள் வழியில் கரியமில வாயு தேங்கிய தாழ்வில் மாட்டி, 149 பேர் இறந்தார்கள். அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, காற்றைவிடக் கனம். காற்றில்லாத விடியற்காலையில் ஓடைப் பள்ளத்தில் தண்ணீர் போல நிறையும். பக்கத்திலுள்ள திம்பாங் எரிமலை வாயிலிருந்து 2011-லும் 2013-லும் வாயு கூடியபோது எச்சரிக்கை நிலையை உயர்த்தினார்கள். நிலச்சரிவின் கதை இன்னும் பெரிது. 1955 ஏப்ரலில் லெகெத்தாங் என்ற குக்கிராமம் ஒரே இரவில் மலைக்கு அடியில் போய், 300-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த இடத்தில் இன்று ஒரு நினைவுத்தூண் நிற்கிறது, சுற்றிலும் உருளைத் தோட்டம். 2014 டிசம்பர் 12-ல் காராங்கோபார் பக்கம் ஜெம்ப்ளுங் டூசுன் சரிவில் புதைந்தது, பலி ஏறத்தாழ 100. எரிமலை ஆய்வு மையம் வெளியிடும் ஆபத்துப் பகுதி வரைபடத்தையும், மாவட்டப் பேரிடர் அலுவலகத்தின் நிலச்சரிவு வரைபடத்தையும் கேட்டு வாங்கி, மனையை அதில் குறித்துப் பாருங்கள். வரைபடம் இல்லாமலே தெரிவதும் உண்டு: மேலே உள்ள சரிவில் பிறை வடிவ வெடிப்பு, சாய்ந்து வளைந்த மரங்கள், நேற்று இல்லாத இடத்தில் ஊறும் சேற்றுத் தண்ணீர். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அங்கே படுக்கையறை கட்டாதீர்கள். பள்ளத்தில் கட்டினால் வாயு, சரிவின் அடியில் கட்டினால் மண். முதுகில் மலை இல்லாத திட்டுதான் நல்ல மனை, அது கிடைப்பது அரிது. அதனால்தான் பழைய வீடுகள் அங்கே அப்படி நெருக்கியடித்து நிற்கின்றன.

தாளுக்கு வருவோம். இந்தோனேசிய நிலச் சட்டத்தின் அடி 1960-ன் 5-ஆம் எண் சட்டம். முழு உரிமைக்கு 'ஹாக் மிலிக்' என்று பெயர். அதைக் குடிமக்கள் மட்டுமே வைத்திருக்க முடியும். வெளிநாட்டவர் பெயருக்கோ, அவருக்காக மறைமுகமாகவோ மாற்றினால் 26-ஆம் பிரிவின்படி அந்த மாற்றம் செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணம் திரும்பாது. உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் வாங்கி, பின்னால் தனி ஒப்பந்தம் எழுதி வைத்துக்கொள்ளும் 'பின்ஜாம் நாமா' முறையை யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பெயர் கொடுத்தவர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் இறந்த மறுநாள் வாரிசுகள் நான்கு பேர் வருவார்கள், சட்டம் அவர்கள் பக்கம்.

வெளிநாட்டவருக்கு இருப்பது 'ஹாக் பாக்காய்' என்ற பயன்பாட்டு உரிமை. 2021-ன் 18-ஆம் எண் அரசு விதியின்படி 30 ஆண்டு, நீட்டிப்பு 20, புதுப்பிப்பு 30. ஆனால் அது குடியிருப்புக்கானது, தங்கும் அனுமதி வேண்டும், மாகாணவாரியாகக் குறைந்தபட்ச வீட்டு விலையும் உண்டு. டூசுன் வீடு எதுவும் அந்த விலையைத் தொடாது. ஆகவே வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள தமிழர் ஒருவர் இங்கே வாழ ஆசைப்பட்டால் நேர்மையான வழி வாடகைதான். நான்கைந்து ஆண்டுக்கு முன்பணமாகக் கொடுக்கும் 'கொன்த்ராக்' முறையை நோட்டரி முன் எழுதிக்கொள்ளுங்கள். கூரையும் குழாயும் யார் செலவு, இடையில் உரிமையாளர் இறந்தால் வாரிசைக் கட்டுப்படுத்துமா என்ற இரண்டு வரிகளும் அதில் இருக்க வேண்டும்.

இந்தோனேசியரை மணந்தவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. சொத்துப் பிரிப்பு ஒப்பந்தம் இல்லாவிட்டால் திருமணத்துக்குப் பின் வாங்கும் நிலம் இருவருக்கும் பொது ஆகிவிடும். பொது ஆனால் உள்ளூர்க் குடிமகனான துணைவரும் ஹாக் மிலிக்கை வைத்திருக்க முடியாது. முன்பு இந்த ஒப்பந்தத்தைத் திருமணத்துக்கு முன்தான் எழுத முடியும். அரசியலமைப்பு நீதிமன்றத்தின் 69/2015 எண் வழக்கின் தீர்ப்பு 2016 அக்டோபரில் வந்த பிறகு, திருமணத்துக்குப் பின்னும் எழுதலாம். எழுதினால் மட்டும் போதாது, திருமணப் பதிவிலும் குறிக்கப்பட வேண்டும். நிலம் பார்க்கக் கிளம்பும் முன் இதை முடியுங்கள்.

குடிமகன் வாங்கும்போதும் சிக்கல் உண்டு. ஊரில் பலர் கையில் இருப்பது நில அலுவலகம் தரும் உரிமைச் சான்றான சர்டிஃபிகாட் இல்லை. 'கிரிக்' என்ற பழைய வரிச் சீட்டோ, ஊராட்சியில் உள்ள 'லெட்டர் சே' பேரேட்டின் நகலோதான் இருக்கும். இரண்டும் வரி கட்டியதற்குச் சான்று, உரிமைக்கு இல்லை. 2021-ன் அதே விதி, இப்படிப்பட்ட பழைய தாள்களைப் பதிவு செய்ய 2026 பிப்ரவரி வரை ஐந்தாண்டு கெடு வைத்தது. அதற்குப் பிறகு அவை சான்றாக நிற்காது, ஒரு தடயமாக மட்டும் எடுத்துக்கொள்ளப்படும். ஊர் முழுதையும் ஒருசேர அளந்து சர்டிஃபிகாட் கொடுக்கும் பே.டே.எஸ்.எல். திட்டம் வந்த ஊரா என்று கேளுங்கள். அந்தத் திட்டத்தில் முன்தயாரிப்புச் செலவாக ஜாவாவிலும் பாலியிலும் 1,50,000 ரூபியாதான் வாங்க வேண்டும் என்று மூன்று அமைச்சர்களின் கூட்டு ஆணை சொல்கிறது.

வாங்கும் வரிசை இப்படிப் போகட்டும். சர்டிஃபிகாட் இருந்தால் நில அலுவலகத்தில் 50,000 ரூபியா கட்டிச் சரிபார்ப்பு கேளுங்கள். அடமானம், தடை, வழக்கு இருந்தால் அதில் தெரியும். அந்த ஆண்டின் நிலவரிச் சீட்டைப் பாருங்கள், பெயர் பொருந்துகிறதா, பாக்கி உண்டா. பெயர் தாத்தாவுடையதாக இருந்தால் நிறுத்துங்கள். முதலில் வாரிசுச் சான்று, எல்லா வாரிசும் கையெழுத்து, பெயர் மாற்றம், அதன் பிறகே விற்பனை. ஒரு மகள் ஹாங்காங்கிலோ தைவானிலோ வீட்டுவேலையில் இருப்பார், அவர் கையெழுத்து அங்குள்ள இந்தோனேசிய அலுவலகம் வழியாக அதிகாரப் பத்திரமாக வர வேண்டும். "அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள்" என்ற உறுதியை வைத்துப் பணம் கொடுத்த எத்தனையோ பேர் பின்னால் தவித்திருக்கிறார்கள். பிறகு எல்லைக்கல் நட்டு அளவு. பக்கத்து நிலத்துக்காரர்கள் நேரில் வந்து ஒப்பமிட வேண்டும். அடுக்குப் பாத்தியில் வரப்பின் சுவர் மேல் நிலத்துக்கா, கீழ் நிலத்துக்கா என்பதை அன்றைக்கே எழுதிக்கொள்ளுங்கள். போகத்துக்கு மூன்று விரல் மண்வெட்டியால் சீவினால் பத்தாண்டில் ஒரு பார் அகலம் போய்விடும்.

கடைசியாக 'பே.பே.ஆ.டே.' எனப்படும் நிலப் பத்திர அதிகாரி முன் கிரயம். தொலைவான பகுதிகளில் வட்டாரத் தலைவரே அந்தப் பொறுப்பில் இருப்பதுண்டு. கையெழுத்தான ஏழு வேலை நாளுக்குள் அவர் பதிவுக்கு அனுப்ப வேண்டும். செலவுக் கணக்கு 20 கோடி ரூபியா நிலத்துக்கு: வாங்குபவர் வரி 5 சதவீதம், ஆனால் முதல் 8 கோடிக்காவது விலக்கு உண்டு, ஆக 12 கோடியில் 60 லட்சம். விற்பவர் வரி 2.5 சதவீதம், 50 லட்சம். பே.பே.ஆ.டே. கட்டணம் அதிகபட்சம் 1 சதவீதம், 20 லட்சம். விலையைக் குறைத்து எழுதச் சொல்வார்கள். ஒப்புக்கொண்டால், பின்னால் வழக்கு வந்து பணம் திரும்பக் கிடைக்கும் நிலையிலும் எழுதிய தொகையே பேசும்.

தோட்ட நிலத்துக்கு இன்னொரு கட்டும் இருக்கிறது. 1961-ன் 224-ஆம் எண் விதி, விவசாய நிலத்தின் உரிமையாளர் அதே வட்டாரத்திலோ அதை ஒட்டிய வட்டாரத்திலோ வசிக்க வேண்டும் என்கிறது. ஜகார்த்தா முகவரி அடையாள அட்டையோடு போனால் பெயர் மாற்றம் நின்றுபோகலாம். வீட்டு மனைக்கு இந்தக் கட்டு இல்லை. மலையின் மேல் சரிவுகளில் 'காராப்பான்' என்று சொல்லி விற்பவை பல இடங்களில் அரசு வன நிலம். 1998-க்குப் பின் மரம் வெட்டித் தோட்டமாக்கியவை அவற்றில் நிறைய. அங்கே நீங்கள் வாங்குவது முந்தியவர் உழைப்பை மட்டும், நிலத்தை இல்லை. ஊராட்சி அலுவலர்களுக்குச் சம்பளமாக விடப்படும் 'பெங்கோக்' நிலமும் விற்பனைக்கு இல்லை.

வாங்காமல் பயிர் செய்ய ஜாவாவில் பழைய வழிகள் உண்டு. ஒரு போகத்துக்கு மட்டும் எடுப்பது 'ஓயோடான்', ஆண்டுக் குத்தகை 'தாவூனான்', விளைச்சலைப் பாதிக்குப் பாதி பங்கிடுவது 'மாரோ', ஒத்தி 'சென்டே'. ஒத்தி பற்றி 1960-ன் 56-ஆம் எண் சட்டத்தில் அருமையான விதி ஒன்று இருக்கிறது, ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஏழு ஆண்டு கடந்த ஒத்தி நிலத்தை, அறுவடை முடிந்த ஒரு மாதத்துக்குள் காசு வாங்காமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு முன் மீட்டால், ஏழரையிலிருந்து கடந்த ஆண்டுகளைக் கழித்து, ஏழால் வகுத்து, ஒத்திப் பணத்தால் பெருக்க வேண்டும். 2 கோடிக்கு ஒத்தி வைத்து மூன்று ஆண்டு ஆனால் மீட்கும் தொகை சுமார் 1.29 கோடி. ஒத்திக்கு நிலம் கொடுத்த ஏழைக் குடும்பத்துக்கு இந்த ஒரு வாய்ப்பாடு நிலத்தையே மீட்டுத் தரும்.

விலை நியாயமா என்று பார்க்க எளிய கணக்கு: கேட்கும் விலையை அதே நிலத்தின் ஆண்டுக் குத்தகையால் வகுத்துப் பாருங்கள். 20-க்குள் வந்தால் அது தோட்ட விலை. 40, 50 என்று வந்தால் நீங்கள் சுற்றுலாக் கனவுக்குக் காசு கொடுக்கிறீர்கள். அந்தக் கனவு சில இடங்களில் மெய்யாகியிருக்கிறது. டியெங் கூலோனிலும், சிகுனிர் சூரியோதயத்துக்கு அடிவாரமான செம்புங்கான் ஊரிலும் பல வீடுகள் தங்கும் விடுதிகளாகிவிட்டன. சனிக்கிழமையும் பள்ளி விடுமுறையும் உறைபனி காண வரும் ஜூலை, ஆகஸ்டும் நிரம்பும். மழைக்கால வாரநாட்களில் அறைகள் காலி. ஆண்டுக்கு 100 இரவு நிரம்பும் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், அதிலும் நட்டம் வராத அளவுக்கு மட்டும் முதலீடு செய்யுங்கள். வெந்நீர் இல்லாத அறையை இரண்டாம் முறை யாரும் கேட்பதில்லை. அதற்கு எரிவாயு வெந்நீர்க் கலம் வையுங்கள், மின் கலம் வேண்டாம். பெரும்பாலான வீடுகளின் மின் இணைப்பு 450 அல்லது 900 வோல்ட்-ஆம்பியர்தான், ஒரு கலம் போட்டாலே மின்சாரம் துண்டித்துக்கொள்ளும். கோயில்களை ஒட்டிய நிலத்தில் தொல்லியல் பாதுகாப்பு விதிகள் உண்டு, மாடி கட்டும் எண்ணத்தோடு அங்கே போகாதீர்கள். பீமன் கோயிலின் கூரையில் முகங்கள் எட்டிப் பார்க்கும் மாடங்களுக்கு இந்தோனேசியத் தொல்லியலாளர்கள் இன்றும் சொல்லும் பெயர் 'கூடு'. அந்த ஒரு தமிழ்ச் சொல்லுக்காகவே அங்கே ஒரு மாலை நிற்கலாம்.

கோழி எருவை மட்க வைக்காமல் கொட்டுவதால் ஈக்கள் மொய்க்கும். விடுதிக்கு அதுதான் முதல் எதிரி. பக்கத்துத் தோட்டக்காரரிடம் கோபப்பட்டுப் பயனில்லை, மட்கிய எருவுக்கான கூடுதல் விலையில் பாதியை நீங்கள் ஏற்பதாகச் சொல்லிப் பாருங்கள்.

ஊரோடு ஒட்டுவது தனி வேலை. போய் இறங்கிய 24 மணி நேரத்துக்குள் எர்.டே. எனப்படும் தெருத் தலைவரிடம் அடையாளத் தாளோடு பெயர் கொடுக்க வேண்டும், முச்சந்திப் பலகையிலேயே எழுதியிருக்கும். இரவுக் காவல் முறை வரும். ஜாவாவின் பல ஊர்களில் வாசலில் ஒரு சிறு குவளை தொங்கவிட்டு, அதில் ஒரு பிடி அரிசி போட்டு வைப்பார்கள். காவலுக்கு வருபவர்கள் வீடு வீடாகக் கொட்டிச் சேர்த்துக்கொண்டு போவார்கள். இதற்கு 'ஜிம்பித்தான்' என்று பெயர், மூன்று விரலால் கிள்ளுவது என்று பொருள். இப்போது பல இடங்களில் அரிசிக்குப் பதில் 500 ரூபியா நாணயம். அந்தப் பணத்தில்தான் தெருவிளக்கும் சாவு வீட்டு நாற்காலியும். குவளை காலியாக இருந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், கவனிப்பார்கள். ஊரார் கூடிச் செய்யும் பொதுவேலையான 'கெர்ஜா பாக்தி'யை ஆள் வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், ஞாயிறு காலையில் மண்வெட்டியோடு நீங்களே போய் நில்லுங்கள். கல்யாணம், சுன்னத்து, குழந்தைப்பேறு என்று மொய் ஓயாது. சாவுக்குப் பின் 3, 7, 40, 100, 1,000-ஆம் நாள் ஓதல் உண்டு. வேற்று மதத்தவரானாலும் வாசல்வரை போய் உட்கார்ந்து, கொடுக்கும் சோற்றுப் பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வரலாம். மறுக்காதீர்கள்.

நிலத்தை ஒரு தடவை பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஜனவரியில் அடைமழை பெய்யும் ஒரு பிற்பகல் போய், சால்களில் ஓடும் தண்ணீரின் நிறத்தையும் மேலே உள்ள சரிவையும் பாருங்கள். ஆகஸ்டில் விடியுமுன் போய், பனி எங்கே படிகிறது, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். இரண்டு தடவையும் அந்த டூசுனிலேயே ஒரு வீட்டில் தங்குங்கள். சர்டிஃபிகாட்டில் இல்லாத பாகப் பிரச்சினையும், பத்து வருடத்துக்கு முந்தைய சரிவும், சுனைப் பங்கும் இரவில் அந்த அடுப்பங்கரையில்தான் பேச்சில் வரும்.